மூன்று கேள்வி வக்கீல்

வக்கீல் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். மூட்டு வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மூட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் ஏறினால் யாராவது ஒருவர் "அந்த மூணு கேள்வி விஷயத்தைச் சொல்லுங்க சார்" என்பார். நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள், கை தட்டுவீர்கள். இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி கோர்ட்டில் வியாபார வழக்குகளை மட்டுமே நடத்திக் காலம் தள்ளியவன் நான். கப்பலில் வந்த மரம், கப்பலில் போன உப்பு, நனைந்து கல்லாகிப் போன சிமெண்ட் என்று இவற்றோடுதான் என் வாழ்க்கை போயிற்று. சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. கோயிலைச் சுற்றி வளர்ந்தவனுக்குக் கடல் சங்கதி என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. கடல் எனக்குத் தெரியாதுதான். ஆனால் கடற்கரை ஆட்கள் பேசுவது ஒரு சொல் விடாமல் புரியும். அவர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் முக்கால்வாசி ஒன்றுதான். இதை மறந்துவிடாதீர்கள். இந்த விவகாரத்தில் எனக்கு எதிராக இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த சீனியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் வேண்டாம். குறுக்கு விசாரணையில் அவர் ஒரு புலி. "வேண்டிய பதில் வந்துட்டுன்னா உடனே உக்காந்துருடே. அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டியோ, நீ கட்டுனத நீயே இடிச்சிருவ" என்பார். இந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்துக்கொண்டேன்.

அவர் இன்னொரு பாடமும் காட்டினார். ஓர் உப்பள வழக்கு. எதிர்த்தரப்பு சாட்சியாக அளத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாள் கூண்டில் ஏறியிருந்தார். எங்கள் சீனியர் ஏதோ ஒரு கேள்வி கேட்க, அந்த அம்மாள் கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, "ஆமா, இவரு வந்து பாத்தாரு!" என்றார். நீதிபதி எழுத்தரிடம் "ஆம்" என்று எழுதச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்காது. நான் பின்னால் நின்று மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த சீனியர் மறுபடி எழுந்தார். "அய்யா, அந்த அம்மா கேலி பண்ணுதாவ. அது 'ஆம்' இல்ல, 'இல்லை'. அப்படியே எழுதணும்" என்றார்.

எழுதினார்கள். வழக்கு போயிற்று, கட்சிக்காரரும் எங்களை விட்டுப் போனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்கு வீடு வரைக்கும் அவரை நான் திட்டிக்கொண்டே போனேன்.

இனி மூன்று கேள்விக்கு வருகிறேன்.

நம் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் கட்டிய பெரிய சரக்குப் படகு. அதை ஓட்டிப் போகிற தலைவனுக்கு இங்கே தண்டல் என்று பேர். என் கட்சிக்காரர் ஒரு வெங்காய வியாபாரி. ஒரு தோணியில் மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பினார். மேல்தளத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றுகூட அக்கரை போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் காற்று பிடித்துக்கொண்டது, தோணி கவிழாமல் இருக்க மூட்டைகளைக் கடலில் போட்டுவிட்டோம் என்று தோணி முதலாளி சொன்னார். அதெல்லாம் புளுகு, வழியில் வேறொரு படகுக்கு மாற்றி விற்றுவிட்டார்கள் என்று என் கட்சிக்காரர் வழக்குப் போட்டார்.

உண்மையாகவே காற்றில் சரக்கு போயிருந்தால் கரைக்கு வந்ததும் எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. அதை முதலாளியின் அலுவலகத்தில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அசட்டை. தோணியில் இருந்த மற்ற ஆட்கள் வளைகுடாவுக்கும் கொச்சிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது தண்டல் ஒருவர்தான். அவர் வாயிலிருந்து வருவதுதான் முழு வழக்கும்.

தண்டலின் பெயர் சூசை. தருவைகுளத்துக்காரர். அறுபதை நெருங்கிய வயது. முதலாளி தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தோணியில் ஏறுகிற பழக்கமோ, கோயிலுக்குள் போகிற பழக்கமோ தெரியவில்லை.

முதலாளிக்கு நம் ஊர் வக்கீல்கள் மேல் நம்பிக்கை இல்லை. சென்னையிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்திருந்தார். நீதிபதி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. சாட்சிகளை அதட்ட மாட்டார், யாரையும் அதட்ட விடவும் மாட்டார்.

காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, எத்தனை மணிக்கு அடித்தது என்று நான் நான்கு பக்கத்துக்குக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். சென்னை வக்கீல் எழுதிவந்த வாக்குமூலம் தாக்கலாகி என் முறை வந்ததும், தண்டலைச் சூடேற்றாமல் மெல்ல ஆரம்பிப்போம் என்று மரியாதையாகவே கேட்டேன்.

"மேல்தளத்துல இருந்த மூட்டையெல்லாம் என்ன ஆச்சு?"

"தட்டிட்டோம்யா."

"யாரு சொல்லி?"

"யாரு சொல்லணும்? தண்டல் நாந்தானே. நாந்தான் சொன்னேன்."

"வேற யாரும் சொல்லல?"

"இல்லய்யா. எல்லாம் எம் பொறுப்புதான்."

அவ்வளவுதான். இவைதான் அந்த மூன்று கேள்விகள்.

நம் பக்கத்தில் தட்டுவது என்றால் என்ன? குப்பையைத் தட்டிட்டு வா என்கிறோம். அழுக்குத் தண்ணீரைத் தட்டு என்கிறோம். லாரிக்காரன் மணல் தட்டுகிறான். கொட்டிவிடுவது, வேண்டாமென்று போட்டுவிடுவது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புழங்குகிற சொல். தண்டல் சொன்னது அதைத்தான். மூட்டைகளைக் கடலில் கொட்டிவிட்டோம்.

நீதிபதியின் முகத்தைப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்திருந்தார். அவர் ஊரில் தட்டுவது என்றால் வேறு. அடுத்தவன் பொருளைத் தட்டிக்கொண்டு போவது. அமுக்குவது.

அவர் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அதனால் தண்டலிடம் அவரே இன்னொரு தடவை கேட்டார்.

"பெரியவரே, பயப்படாமச் சொல்லுங்க. தட்டிட்டீங்களா?"

"ஆமாய்யா, தட்டிட்டோம். வேற வழியில்ல. தோணியில இருந்தவனெல்லாம் பிள்ளகுட்டிக்காரன்."

தண்டல் சொன்னது, அத்தனை பேர் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே என்று. நீதிபதிக்குக் கேட்டது, குடும்பக் கஷ்டம், வயிற்றுப் பாட்டுக்குத் திருடினோம் என்று. அவர் முகத்தில் இரக்கம் வந்ததை நான் பார்த்தேன். அந்த இரக்கத்தோடுதான் எழுத்தரிடம் சொன்னார்: "வேறு வழியில்லாமல், பிள்ளைகுட்டிகளுக்காக, நான் சொல்லித்தான் சரக்கை எடுத்துக்கொண்டோம்."

தட்டச்சு ஓசை கேட்கிறது. நான் நின்றுகொண்டிருக்கிறேன். என் கையில் கேட்காத நான்கு பக்கக் கேள்விகள். நாலாவதாக ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எங்கே தட்டினீர்கள்? "கடல்லதான்யா, பின்ன எங்க?" என்று அவர் சொல்லியிருப்பார். எல்லாம் நேராகியிருக்கும்.

தெரியாமல் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். நான் யோசித்தேன். மூன்று நான்கு நொடிதான், ஆனால் யோசித்தேன். பதிவைத் திருத்துவது எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை என்று நினைத்தேன். நான் யாருக்காக நிற்கிறேன் என்று நினைத்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் கட்சிக்காரரின் முகம் மலர்ந்திருந்தது. உப்பள வழக்கும் ஞாபகம் வந்தது, சீனியர் எழுந்து நின்றதும் ஞாபகம் வந்தது. வேண்டிய பதில் வந்தால் உட்கார்ந்துவிடு என்று அவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். அவர் செய்ததை விட்டுவிட்டேன்.

"வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சென்னை வக்கீல் மறுவிசாரணைக்கு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் அந்தச் சொல் தெரியாது. தன் சாட்சியே கவிழ்த்துவிட்டான், இன்னும் வாயைக் கிளறினால் என்னென்ன வருமோ என்று பயந்துவிட்டார். எழுத்தர் காகிதத்தை உருவித் தண்டல் முன்னால் நீட்டினார். படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற வரி அடியில் எப்போதும் போல இருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை. தண்டல் கையெழுத்தைப் படம் வரைவது போல நிதானமாகப் போட்டார்.

வெளியே வந்ததும் வராண்டாவில் நம் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணாச்சி, மூணே கேள்வியில ஆளச் சாச்சிட்டியளே!" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு வைத்த பேர்தான் இது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்டல் என்னிடம் வந்தார். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

"அய்யா, வக்கீலுன்னா வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுவாவன்னு பயந்துட்டு வந்தேன். நீங்க தன்மையா கேட்டிய. நல்லாருப்பிய."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. என் எழுத்து வாதத்தில் நானே, என் கையாலேயே, "சாட்சியே ஒப்புக்கொண்டபடி" என்று எழுதியிருந்தேன். தீர்ப்பில் அதே வரி இருந்தது. மேல்முறையீடு வரும், அங்கே யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. முதலாளி மேல்முறையீடே செய்யவில்லை. காகிதம் எழுதாத தன் அலுவலகத்தின் தப்பு வெளியே வராமல், எல்லாப் பழியும் தண்டல் தலையில் விழுந்தது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. "கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆக அந்தத் தப்பான சொல் எல்லோருக்கும் உதவியது, சொன்னவர் ஒருவரைத் தவிர.

அதற்குப் பிறகு தூத்துக்குடியில் ஒருவரும் அவரை நம்பித் தோணி தரவில்லை. நல்ல காற்று கெட்ட காற்று தெரிந்த தண்டல்கள் நிறைய உண்டு. சரக்கை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற பேர் உள்ள தண்டல்தான் முதலாளிகளுக்கு வேண்டும். அவருக்கு இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் சில நாள் அவகாசம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் என் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே மகள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சாட்சியத்தின் நகலை வாங்கி அந்தப் பெண்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்த வருஷம் மாதா சப்பரம் தூக்க அப்பாவை யாரும் கூப்பிடவில்லை என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

தண்டல் அழவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

"எடுத்துக்கிட்டோம்னு எழுதியிருக்காம்யா. நான் அப்படிச் சொல்லலயே. தட்டிட்டோம்னுல்லா சொன்னேன். நீங்க பக்கத்துலதானே நின்னிய. நீங்க கேட்டியள்லா?"

நான் மேசையில் கிடந்த ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தேன்.

"அந்த ஜட்ஜய்யாவுக்குத் தெரியாது. அவிய வெளியூரு. அவியள நான் குத்தஞ் சொல்லல. நீங்க இந்தப் பக்கத்து ஆளு. தட்டிட்டோம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுந்தானய்யா?"

"சார், அப்பா சொன்னது இதுதான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நாங்க வேற வக்கீல் வச்சுப் பாத்துக்கிடுதோம்" என்றாள் மகள்.

ஒரு வரி. ஆழ்வார்திருநகரிக்காரனுக்கு அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. எழுதினால் என் கட்சிக்காரர் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். தெரிந்தே சும்மா இருந்தாய் என்று பார் கவுன்சிலில் புகார் போகலாம். துறைமுகத்து வழக்குகள் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். இதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. முப்பது வருஷமாகச் சாட்சிகள் அந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் நான் பாய்ந்து குதறியிருக்கிறேன். அதே பதில் என் வாயில் வந்தது.

"எனக்கு ஞாபகமில்லம்மா."

அந்தப் பெண் என்னை நம்பவில்லை. தண்டல் நம்பினார். அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது. "அவியளுக்கு எத்தன கேசு. எப்படி ஞாபகம் இருக்கும்? ஏளா, வா போவோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் மூட்டைகளை உண்மையிலேயே கடலில் கொட்டினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் அந்தத் தோணியில் இல்லை. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது தெரியும். அந்த வழக்கில் நின்ற வக்கீல்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். வழக்கை நம்புவதும் நம்பாததும் நீதிபதியின் பாடு. சொன்ன சொல்லைச் சொன்னபடி நீதிபதியிடம் சேர்க்க வேண்டியது கறுப்புக் கோட்டு போட்ட எல்லோருடைய பாடு. இதை உங்களுக்குப் பாடமாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் வேறு யார் சொல்வார்?

ஓய்வு பெற்ற பிறகு துணிச்சல் வந்தது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருகிற துணிச்சலுக்கு என்ன மதிப்பு இருக்கிறதோ, அந்த மதிப்புதான் அதற்கும். நடந்ததை நடந்தபடி முத்திரைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பைக் குவித்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் காவலுக்கு இருக்கிறார் என்று சொன்னார்கள்.

வெயில் உச்சியில் இருந்தது. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். இன்னொரு நாற்காலி இல்லை. தன்னுடையதைத் துடைத்து எனக்குப் போட்டார். உட்கார மனசு வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே எனக்குப் புரிந்தது, தெரிந்தேதான் உட்கார்ந்தேன், ஞாபகமில்லை என்றதும் பொய் என்று ஒன்று விடாமல் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கினார். வாசிக்கத் தெரியாது, இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இத எந்தக் கோர்ட்டுல குடுக்கணும்யா?"

"இனிமே எந்தக் கோர்ட்டுலயும் குடுக்க முடியாது தண்டல். காலம் கடந்து போச்சு."

"முதலாளி?"

"அவர் காலமாகி ரெண்டு வருஷம் ஆச்சே."

அப்போது ஓர் உப்பு லாரி உள்ளே வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பாட்டையா, எங்கன தட்டணும்?" என்று கத்தினான்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி. அந்தப் பையனுக்கு அது யோசிக்காமலே வாயில் வந்தது. தண்டல் கையை நீட்டி மூலையில் ஓர் இடத்தைக் காட்டினார். லாரி பின்னால் நகர்ந்தது, தொட்டி உயர்ந்தது, உப்பு சரிந்து விழுந்தது. அது முடியும் வரை இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். குரலை உயர்த்தவில்லை. மரியாதையும் குறையவில்லை.

"இத எதுக்குய்யா எங்கிட்ட கொண்டாந்து தட்டுதிய?"

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.